தோழிக்கு வயது பதினைந்து

1

கொழும்புக்கு வந்து ஒன்பது வருடம் நிறைந்த வாரத்தில், ஒரு சொல்லால் ஒரு மாணவியை இழக்கப் பார்த்தேன். அது எனக்குத் தெரியாத சொல் இல்லை. ஈரோட்டில் பேச ஆரம்பித்த நாளிலிருந்து நான் புழங்குகிற சொல்தான். வம்பே அதுதான்.

ஊரிலிருந்து கூப்பிடுகிறவர்கள் எல்லோரும் கேட்பது ஒன்று: "அங்கேயும் தமிழ்தானே, உனக்கென்ன கஷ்டம்?" லண்டனுக்குப் போன என் சித்தி மகளிடம் யாரும் இப்படிக் கேட்பதில்லை. அவளுக்கு ஆங்கிலம் வராவிட்டால் சொந்தபந்தமெல்லாம் இரக்கப்படும். எனக்குத் தமிழ் வரவில்லை என்று நான் யாரிடம் போய்ச் சொல்ல?

கொட்டாஞ்சேனையில் ஒரு தனியார் பாடசாலையில் தமிழ் இலக்கியம் கற்பிக்கிறேன். சேர்ந்த முதல் நாள் அலுவலகப் பையன் வந்து, "அதிபர் உங்கள வரச் சொன்னவர்" என்றான். எனக்கு அதிபர் என்றால் நாட்டை ஆள்கிறவர். ஒரு நொடி திகைத்துப்போய் நின்றுவிட்டேன். இங்கே அது தலைமையாசிரியர். மதிப்பெண் இங்கே புள்ளி. நோட்டு கொப்பி. இவையெல்லாம் ஒரு மாதத்தில் பழகிவிட்டன. பழகாதவை, இரண்டு ஊரிலும் ஒரே மாதிரி ஒலித்து வேறு வேறு பொருள் தருகிற சொற்கள்.

என் கணவர் வெள்ளவத்தைக்காரர். கோயம்புத்தூரில் பொறியியல் படித்தவர். என்னிடம் பேசும்போது நாலு வருடம் அங்கே கேட்ட தமிழுக்கு மாறிவிடுவார். அதனால் வீட்டில் எனக்குத் திருத்தம் கிடைக்கவே இல்லை. எட்டு வயது மகன் கவின் மட்டும் விடமாட்டான். அவன் இங்கே பிறந்தவன். ஓட்டோக்காரரிடம் சிங்களத்தில் வழி சொல்வான், பாட்டன் வீட்டில் ஆமாம் என்பதற்கு "ஓம்" என்பான், என்னைப் பார்த்துச் சிரிப்பான். ஒருநாள் சொன்னான்: "அம்மா, நீங்க கதைக்கிறது டிவி நாடகத்தில வாற ஆக்கள் மாதிரி இருக்கு." என் வயிற்றில் பிறந்தவனுக்கு என் தமிழ் தொலைக்காட்சித் தமிழாகிவிட்டது. நானும் சேர்ந்துதான் சிரித்தேன். 

2

ஈரோட்டில் நான் படித்தபோது செய்யுள் என்றால் மனப்பாடம். "அடிபிறழாமல் எழுதுக" என்று ஒரு கேள்வி நிச்சயம் வரும். எங்கள் தெரு முழுக்க விசைத்தறி. அந்தச் சத்தத்தின் தாளத்துக்கே பாட்டு மனதில் ஏறும். மின்சாரம் போய்த் தறி நின்றால் எனக்குப் பாட்டும் நின்றுவிடும். தேர்வு அறையின் அமைதியில் இரண்டாவது அடி மறந்துபோய், பெஞ்சில் விரலால் தட்டித் தட்டி மீட்டெடுத்திருக்கிறேன். பாட்டுக்குள் யார் இருக்கிறார்கள், அவர்களுக்கு என்ன நடந்தது என்று நானும் கேட்டதில்லை, எனக்கு யாரும் சொன்னதும் இல்லை.

ஆகவே இங்கே தரம் பத்தில் என் பதினொரு மாணவிகளிடம் முதலில் அதைத்தான் கேட்பேன். யார் பேசுகிறார்கள், யாரிடம், ஏன் இப்போது? பழைய பாடல்களில் சொற்கள் கடினம், ஆனால் சங்கதி அவர்களுக்கு உடனே பிடிபடும். பொருள் தேடப் போன தலைவன் என்று ஆரம்பித்தாலே "டோஹாவுக்கா டீச்சர்?" என்று ஒரு குரல் வரும். புதுக்கவிதையில் நேர் எதிர். சொல்லெல்லாம் தெரிந்த சொல், ஆனால் "இதில என்ன டீச்சர் விளங்கப்படுத்த இருக்கு?" என்பார்கள். பூட்டிய வீட்டின் சாவியை வெளிநாட்டில் வைத்துக்கொண்டிருப்பவரைப் பற்றிய ஒரு கவிதையை நடத்தினேன். கிராண்ட்பாஸிலிருந்து வரும் ரேணுகா கையைத் தூக்கினாள். அவள் அப்பா ஹற்றன் பக்கம் தேயிலைத் தோட்டத்தில், லயம் எனப்படும் தொழிலாளர் குடியிருப்பில் பிறந்தவர்.

"எங்கப்பா பொறந்த லயத்துக்குச் சாவியே இல்லையாம் டீச்சர். கதவும் சும்மா பேருக்குத்தானாம்."

வகுப்பு சிரித்தது. அந்தச் சிரிப்புக்குப் பிறகுதான் அந்தக் கவிதையைப் பற்றி உண்மையாகப் பேச முடிந்தது.

அவளுக்குப் பக்கத்தில் உட்காருகிறவள் சாம்பவி. கையெழுத்து முத்து முத்தாக இருக்கும், அதிகம் வாய் திறக்கமாட்டாள். தந்தை பிரான்சில் இருக்கிறார், போய்ப் பத்து வருடம் என்று மட்டும் எனக்குத் தெரியும். தலைவனைப் பிரிந்த ஒருத்தி தோழியிடம் மனம் வெதும்பிச் சொல்கிற பழைய பாட்டு ஒன்றை நடத்திய அன்று அவள் கேட்டாள்:

"டீச்சர், தோழிக்கு எத்தினை வயசு?"

"தெரியலையே. பாட்டில் அது இல்லை. தலைவி வயதுதான் இருக்கும்."

"சின்னப்பிள்ளையாயும் இருக்கலாம்தானே?"

இருக்கலாம் என்றேன். மணி அடித்துவிட்டது.

3

தவணைப் பரீட்சையில் அதே பாட்டின் மேல் பத்துப் புள்ளிக்கு ஒரு கேள்வி: "இப்பாடலின் வழி தோழியின் பண்புகளை விளக்குக." விடைத்திட்டத்தில் அறிவு, அன்பு, சொல்வன்மை என்று மூன்று இருக்கும். சாம்பவி இப்படி எழுதியிருந்தாள்:

"இந்தப் பாட்டில் தோழியிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. தலைவி அழுதால் தோழி ஆறுதல் சொல்ல வேண்டும். தலைவன் கேட்டால் தலைவி நலமாக இருக்கிறாள் என்று சொல்ல வேண்டும். இரண்டு பக்கமும் பொய் சொல்வது அவள்தான். அவர்கள் இருவரும் ஒருவரோடு ஒருவர் நேரே கதைத்தால் தோழிக்கு வேலை இல்லை. அவளுக்கு என்ன வயது என்று பாட்டில் இல்லை. பதினைந்து இருக்கலாம்."

மேசையில் சிவப்புப் பேனாவை வைத்துவிட்டேன். இத்தனை வருடங்களில் தோழியை நான் ஒரு ஆளாக நினைத்ததே இல்லை. ஆனால் மூன்று பண்புகளில் ஒன்றுகூட இல்லை. பொதுப் பரீட்சையில் இந்த விடை யார் கைக்குப் போனாலும் கிடைப்பது இரண்டு. நானும் இரண்டுதான் போட்டேன். வேறு சில கேள்விகளை அவள் தொடவே இல்லை. மொத்தம் நாற்பத்தொன்று.

மறுநாள் அவளைத் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் அழைத்துப் போய் அரை மணி நேரம் பேசினேன். இதைவிட நல்ல விடையை நான் படித்ததில்லை என்றேன். பரீட்சையில் முதலில் அந்த மூன்று பண்பையும் எழுதிவிடு, பிறகு உன் மனதில் உள்ளதை எழுது, இரண்டுக்கும் தாளில் இடம் இருக்கிறது என்றேன். அவள் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டே இருந்தாள். கடைசியில் ஒன்று கேட்டாள்.

"இதை ஒருத்தருக்கும் காட்டமாட்டீங்கள்தானே டீச்சர்? அம்மாவுக்கும்?"

"காட்டமாட்டேன்."

முகம் மலர்ந்து வகுப்புக்கு ஓடினாள்.

4

அடுத்த நாள் நான் விடுமுறை எடுத்திருந்தேன். என் வதிவிட விசாவைப் புதுப்பிக்கிற நாள். ஒன்பது வருடமாக இந்த வரிசை எனக்குப் பழக்கம். ஒவ்வொரு முறையும் ஏதாவது ஒரு தாளை வீட்டில் விட்டுவிட்டு வருவதும் பழக்கம். "போட்டோ கொப்பி எக்க கோ, மிஸ்?" என்று சிங்களத்தில் கேட்டார் அதிகாரி. திருமணச் சான்றிதழின் நகலை மறந்திருந்தேன். அவர் கோபப்படவில்லை. கீழே போய் எடுத்து வரச் சொல்லிப் புதிய எண் ஒன்று தந்தார்.

நகல் எடுத்துவிட்டுத் திரும்பவும் உட்கார்ந்து, ஈரோட்டில் இருக்கும் தங்கையைக் கூப்பிட்டேன். அரை மணி நேரம். அவள் மாமியார், எங்கள் தெரு, அம்மாவின் முழங்கால் என்று எல்லாவற்றையும் பேசி முடித்தேன். நாக்கு முழுசாக ஊருக்குப் போய்விட்டிருந்தது. வைத்த கையோடு இன்னொரு அழைப்பு வந்தது.

"டீச்சர், நான் சாம்பவியின்ர அம்மா. பிள்ளைக்கு இலக்கியத்தில நாப்பத்தொண்டு எண்டு ரிப்போர்ட்டில கிடக்குது. மற்றப் பாடமெல்லாம் எழுபது, எண்பது. என்ன நடந்தது?"

"அதுக்கு நேத்தே நல்லா பேசிட்டேனுங்க. அரை மணி நேரம் நிக்கவச்சுப் பேசினேன். இனிமே சரியாப் போயிரும், கவலைப்படாதீங்க."



"ஓ... சரி டீச்சர்" என்றார் மெதுவாக.

என் எண்ணை அழைத்தார்கள். பையை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

5

அடுத்த வாரம் சாம்பவி கடைசி வரிசைக்குப் போய்விட்டாள். கேள்வி கேட்டால் எழுந்து நின்று தரையைப் பார்த்தாள். புதன்கிழமை அதிபர் என்னிடம் ஒரு படிவத்தைத் தந்தார். இலக்கியத்தை விட்டுத் தகவல் தொழினுட்பப் பாடத்துக்கு மாற அனுமதி கேட்டு, தாயின் கையொப்பத்தோடு சாம்பவியின் பெயர். கீழே பாட ஆசிரியரின் ஒப்புதலுக்கு ஓர் இடம். திங்கட்கிழமைக்குள் கையெழுத்திட்டுத் தர வேண்டும்.

அவளைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"அம்மா சொன்னவ, டீச்சர்."

"உனக்கு விருப்பமா?"

"ஓம்."

இவ்வளவுதான். குழாய்ப் பக்கம் மலர்ந்த முகம் என் கற்பனையோ என்றுகூட நினைத்தேன். புள்ளி குறைந்ததில் வருத்தம், வேறென்ன இருக்கும்? கையெழுத்துப் போட்டுவிடலாம் என்றே முடிவு செய்திருந்தேன்.

வியாழக்கிழமை வகுப்பு முடிந்த பிறகும் ரேணுகா போகாமல் நின்றாள். கரும்பலகையைத் துடைத்தாள், துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தாள்.

"டீச்சர், ஒண்ணு கேட்டா கோவிக்க மாட்டீங்களே? நீங்க சாம்பவி அம்மாகிட்ட, அவள நல்லா பேசினேன்னு சொன்னீங்களா?"

"ஆமா, பேசினேன்னு சொன்னேன். ஏன்?"

"அய்யோ டீச்சர்! எங்க வீட்டுல பேசினேன்னா பேசினதுதான். அவங்க வீட்டுல பேசினேன்னா ஏசினது. நீங்க நல்லா வேற பேசியிருக்கீங்க. அரை மணி நேரம் நிக்க வச்சு!"

நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். எனக்கு இது தெரியும். வந்த புதிதில் மாமியாரிடம் இதே சொல்லால் மாட்டியிருக்கிறேன். அன்று அதை ஊருக்குக் கடிதமாக எழுதிச் சிரித்தும் இருக்கிறேன்.

மிச்சத்தை ரேணுகா சொன்னாள். டீச்சரே இவ்வளவு பேசியிருக்கிறா என்றால் நீ என்ன எழுதினாய், காட்டு என்று தாய் கேட்டிருக்கிறார். சாம்பவி விடைத்தாளை ஒளித்துவிட்டாள். காதல் பாட்டு, காட்ட மறுக்கிற பிள்ளை, திட்டிய ஆசிரியை. தாய் இவற்றைக் கூட்டிப் பார்த்து மகளின் கைபேசியை வாங்கி வைத்துவிட்டார். இலக்கியமே வேண்டாம் என்றும் முடிவு செய்துவிட்டார்.

"அவ என்ன சொல்றான்னா டீச்சர், மூஞ்சிக்கு முன்னால அவள நல்லாப் பாராட்டிட்டு, பின்னால அம்மாகிட்ட ஏசினேன்னு சொல்லிட்டீங்களாம். அதுதான் அவளுக்குத் தாங்க முடியல."

அன்று மாலை வீட்டில் கவினை உட்காரவைத்துப் பாடம் கேட்டேன். நான் அவளிடம் பேசினேன், திட்டவில்லை என்பதை இவர்கள் தமிழில் எப்படிச் சொல்வது?

"நான் அவவோட கதைச்சனான், ஏசேல்லை" என்றான். என்னைத் திரும்பச் சொல்லச் சொன்னான். ஐந்தாவது முறை, "பரவாயில்லை அம்மா, அவைக்கு விளங்கும்" என்றான்.

6

வெள்ளிக்கிழமை ரேணுகா வழிகாட்ட, சாம்பவி வீட்டுக்குப் போனேன். தேவாலயத்தைத் தாண்டி இரண்டாவது ஒழுங்கையில் ஒரு தொடர்மாடியின் மூன்றாம் மாடி. ரேணுகா வாசலோடு திரும்பிவிட்டாள். தாய் அப்போதுதான் மருந்துக்கடை வேலையிலிருந்து வந்திருந்தார். வாசலில் என்னைக் கண்டதும் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, "வாங்கோ டீச்சர்" என்றார். குரலில் மரியாதை இருந்தது, சிரிப்பு இல்லை. தேத்தண்ணீர் வந்தது. அதைக் கொண்டுவந்த சாம்பவி என் முகத்தைப் பார்க்காமல் சமையலறை வாசலுக்குப் போய் நின்றாள்.

மனப்பாடம் செய்து வந்ததைச் சொன்னேன்.

"நான் சாம்பவியோட கதைச்சனான். ஏசேல்லை."

என் வாயில் அது எப்படி ஒலித்ததோ, தாயின் உதட்டோரம் அசைந்தது. பிறகு என் தமிழிலேயே எல்லாவற்றையும் சொன்னேன். எங்கள் ஊரில் பேசுவது என்றால் இதோ இப்போது நாம் பேசுகிறோமே, அதுதான் என்றேன். அரை மணி நேரமும் நான் அவளைப் பாராட்டினேன் என்றேன். சாம்பவி நிமிர்ந்து பார்த்தாள்.

"பாராட்டினனீங்களோ? அப்ப ஏன் டீச்சர் நாப்பத்தொண்டு?"

"நல்ல விடை. ஆனா கேட்ட கேள்விக்கான விடை இல்லை."

"அப்பிடி என்ன எழுதினவள்?"

நான் சாம்பவியைப் பார்த்தேன். தாய் கோப்பையைக் கீழே வைத்தார்.

"ஆரும் பெடியனைப் பற்றியே?"

"இல்லைங்க. சத்தியமா இல்லை."

"அப்ப சொல்லுங்கோவன்."

"நான் யாருக்கும் சொல்லமாட்டேன்னு அவளுக்கு வாக்குக் கொடுத்திருக்கேன். அவளாச் சொன்னால் சரி. இல்லைன்னா விட்டுடுங்க."

ஒரு தாயின் வீட்டில் உட்கார்ந்துகொண்டு அவர் மகளைப் பற்றிச் சொல்லமாட்டேன் என்பது எவ்வளவு தடித்தனம் என்று எனக்குத் தெரிந்தே இருந்தது. எழுந்து போகச் சொல்லிவிடுவாரோ என்று பயந்தேன். சாம்பவி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு உள்ளே போனாள். மடித்த விடைத்தாளோடு வந்து, தாயின் கையில் கொடுத்துவிட்டுச் சுவரோடு சாய்ந்து நின்றாள்.

தாய் வெளிச்சத்துக்காக யன்னல் பக்கம் போய் நின்று வாசித்தார். முடித்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து வாசித்தார்.

"நான் எப்பயடி உன்னைப் பொய் சொல்லச் சொன்னனான்?"

"ஒவ்வொரு ஞாயிறும், அம்மா." குரல் நடுங்கியது, ஆனால் நிறுத்தவில்லை. "அப்பா போன் எடுத்தா, அம்மா குளிக்கிறா எண்டு சொல்லு. இல்லாட்டி கோயிலுக்குப் போட்டா எண்டு சொல்லு. ஒருநாள் நான் மாறி ரெண்டையும் சொல்லிப்போட்டன். அப்பா சிரிச்சவர்."

"சிரிச்சவரோ?"

"ஓம். பிறகு, அம்மா நல்லா இருக்கிறாதானே எண்டு கேட்டவர். ஓம் எண்டனான். அடுத்த வருஷம் வருவன் எண்டு அம்மாவிட்டச் சொல்லு எண்டவர். அதை நான் உங்களிட்டச் சொல்லேல்லை. போன வருஷமும் அதைத்தான் சொன்னவர். நீங்கள் அழுவீங்கள்."

தாய் அப்படியே யன்னலோரக் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தார். கீழே தெருவில் மாலைச் சனத்தின் சத்தம் கேட்டது. நான் அங்கே இருக்க வேண்டிய ஆள் இல்லை என்று தோன்றி, பையைத் தோளில் மாட்டினேன்.

"இருங்கோ டீச்சர், தேத்தண்ணி குடிக்கேல்லை" என்றார் அவர், தாளிலிருந்து கண்ணை எடுக்காமல்.

உட்கார்ந்தேன். ஆறிய தேத்தண்ணீரைக் குடித்தேன்.  கொஞ்ச நேரத்தில் தாய் கண்ணைத் துடைத்துக்கொண்டு மகளிடம் சொன்னார்:

"இந்த ஞாயிறு போனை நான் எடுக்கிறன். நீ எடுக்காத."

சாம்பவி தலையாட்டினாள். என் பையிலிருந்த படிவத்தை எடுத்து மேசையில் வைத்தேன். அவள் அதைப் பார்த்தாள், தாயைப் பார்த்தாள்.

"நான் இலக்கியத்திலயே இருக்கிறன்" என்றாள்.

7

அடுத்த தவணைப் பரீட்சையில் சாவிக் கவிதையை வைத்துக் கேள்வி கேட்டிருந்தேன். அதில் வெளிப்படும் பிரிவுணர்வை விளக்க வேண்டும். உண்மையைச் சொன்னால், சாம்பவி என்ன எழுதுவாள் என்று பார்ப்பதற்காகவே அந்தக் கேள்வியை வைத்தேன். அவளுடைய தாளைக் கடைசியில் வாசிக்கலாம் என்று அடியில் வைத்துக்கொண்டேன்.

நான்கு குறிப்புகள். நான்கும் விடைத்திட்டத்தில் இருப்பவை. தெளிவான மேற்கோள், பிசகாத எழுத்து. வேறு ஒன்றும் இல்லை. தாளைத் திருப்பிப் பார்த்தேன், பின்பக்கம் வெறுமையாக இருந்தது. மொத்தம் எழுபத்து நான்கு போட்டேன். ஆசிரியராக மகிழ்ச்சி. வாசகியாக ஒரு சின்ன ஏமாற்றம், அதை மறைப்பானேன்.

தாள்களைத் திருப்பிக் கொடுத்த அன்று, மற்றவர்கள் போன பிறகு அவளிடம் கேட்டேன்.

"வீட்டில் எப்படி இருக்காங்க?"

"அப்பா அடுத்த வருஷமும் வரமாட்டாராம் டீச்சர். அங்க அகதிக் கேஸ் இன்னும் முடியேல்லையாம். அம்மாவிட்டயே நேரச் சொல்லிப்போட்டார். அம்மா ரெண்டு நாள் அழுதவ." அவள் அதை ஏதோ நல்ல செய்தி சொல்வதுபோலச் சொன்னாள். "இப்ப ரெண்டு பேரும் ஒவ்வொரு நாளும் போனில சண்டை பிடிக்கினம். நான் மற்ற அறையில கதவைச் சாத்திப்போட்டுப் படிக்கிறன்."

"இதையெல்லாம் நீ எழுதுவாய்னு நினைச்சேன். போன தடவை எழுதினியே."

"இப்ப அவையே கதைக்கினம்தானே டீச்சர். நான் ஏன் பேப்பரில எழுதோணும்?"

அவள் விடைத்தாளை விரித்துப் பக்கம் பக்கமாகப் புரட்டினாள். உதடு அசைய ஏதோ கூட்டிப் பார்த்தாள். பிறகு தாளை என் பக்கம் திருப்பி விரலை வைத்தாள்.

"டீச்சர், மூண்டாம் கேள்வியில ஒரு புள்ளி கூட்டாம விட்டிட்டீங்கள்."

அவள் சொன்னது சரி. எழுபத்தைந்து என்று திருத்திக் கொடுத்தேன்.